வெட்கத்தால் விலகி நின்ற மாணவன்

படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் தனிவகுப்புக்கு அழைத்தும் வராதபோது, சோம்பேறிகள் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். புனித தொன் போஸ்கோ முதலில் காரணத்தைக் கேட்டார்.

1841 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் பெருவிழா. இத்தாலியின் தூரின் நகரில், அசிசியின் புனித பிரான்சிஸ் ஆலயத்தில், அவ்வாண்டுதான் குருப்பட்டம் பெற்றிருந்த அவர் திருப்பலிக்கு ஆயத்தமானார். அங்கே நின்ற பர்த்தலோமியோ கரெல்லி என்னும் சிறுவனைக் கோவில்பிள்ளை அடித்து விரட்டினார். அவன் தம் நண்பன் என்று சொல்லி, திரும்ப அழைத்துவரச் செய்தார் தொன் போஸ்கோ.

பெற்றோரை இழந்த அவனுக்கு வயது 16. கட்டட வேலை செய்பவன். எழுதப் படிக்கத் தெரியாது. மறைக்கல்வி வகுப்புக்கு அவன் போகாததற்குக் காரணம் வெட்கம். தன்னைவிடச் சிறியவர்களுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று கூசினான். தனியாகக் கற்றுத்தந்தால் வருவதாக ஒப்புக்கொண்டான். திருப்பலி முடிந்ததும் சிலுவை அடையாளத்திலிருந்து பாடம் தொடங்கியது. அடுத்து வந்த ஞாயிறுகளில் வேறு சிறுவர்களும் வந்தார்கள். வார நாள்களில் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே தொன் போஸ்கோ தேடிச் சென்றார்.

நம் பங்கிலும் மாலை வகுப்புக்கு வராத பிள்ளைகள் உண்டு. கண்டிக்குமுன் காரணம் கேட்போம். பிறர்முன் கூசாதபடி தனியே கற்பிப்போம். வராதவரை நல்லாயனின் மனத்தோடு நாமே தேடிச் செல்வோம்.