ஸ்கொட்லாந்து அரசி மேரி

ஸ்கொட்லாந்து அரசி மேரி (டிசம்பர் 8, 1542 – பெப்ரவரி 8, 1587) 1542 முதல் 1567 வரை ஸ்கொட்லாந்தின் அரசியாக இருந்தவர். மறைகுறியீட்டின் வரலாற்றில் இவரது கடிதங்கள் முக்கிய இடம் பெறுகின்றன.

லின்லித்கோ அரண்மனையில் பிறந்த மேரி, தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் இறந்ததால் பிறந்த ஆறாம் நாளில் அரசியானார். 1567 இல் முடிதுறக்க நிர்ப்பந்திக்கப்பட்டு, 1568 இல் இங்கிலாந்தில் அடைக்கலம் தேடினார். அங்கு முதலாம் எலிசபெத் இவரை ஏறத்தாழ 19 ஆண்டுகள் காவலில் வைத்திருந்தார்.

காவலில் இருந்தபோது மேரி மறைகுறியீட்டில் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1586 இல் இக்கடிதங்கள் பியர் பீப்பாய்களில் மறைத்து அனுப்பப்பட்டன. அமைச்சர் பிரான்சிஸ் வால்சிங்கமின் ஆட்கள் அவற்றை இடைமறித்தனர். தோமஸ் பெலிப்பிஸ் என்பவர் குறியீட்டை உடைத்துப் படித்தார். எலிசபெத்தைக் கொல்லத் திட்டமிட்ட அந்தனி பாபிங்டனுக்கு மேரி அனுப்பிய பதில் இவ்வாறே வெளிப்பட்டது. எனினும், சதிகாரர்களின் பெயர்களைக் கேட்கும் போலிப் பின்குறிப்பு ஒன்றைப் பெலிப்பிஸ் அதில் சேர்த்திருந்தார்.

1586 ஒக்டோபரில் நடந்த விசாரணையில் மூலக் கடிதம் அன்றிப் படிகளே சான்றாக வைக்கப்பட்டன. மேரி இதை ஆட்சேபித்தும் பயனில்லை. ஃபொதரிங்கே கோட்டையில் அவரது தலை துண்டிக்கப்பட்டது. கொலைச் சதியைத் தடுத்த அதே கண்காணிப்பு, கடிதத்தைத் திருத்தவும் இடமளித்தது.

மேரி 1578–1584 காலப்பகுதியில் எழுதிய 50 இற்கும் மேற்பட்ட மறைகுறியீட்டுக் கடிதங்கள் பிரான்சின் தேசிய நூலகத்தில் அடையாளம் காணப்பட்டு வாசிக்கப்பட்டமை 2023 இல் அறிவிக்கப்பட்டது.