திவான் சி. பி. இராமசாமி ஐயர்

கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்து பத்மநாபசுவாமி கோவிலை நோக்கி நடப்போர், முன்னாளில் தனியரசாக விளங்கிய ஒரு நாட்டின் நடுவிடத்தில் நடக்கின்றனர். 1750ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மர் தம் அரசைப் பத்மநாபருக்கே அர்ப்பணித்தார். அதன்பின் திருவிதாங்கூர் மன்னர்கள் பத்மநாபதாசர் என்னும் பெயருடனேயே ஆண்டனர். அந்நாட்டின் புகழ்பெற்ற திவான்களுள் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நம் குடும்பங்களைப் போல வேலை தேடி வந்தவர் அல்லர். அரண்மனையே அழைத்து வந்தது. அவரே சர் சி. பி. இராமசாமி ஐயர்.

அவர் 1879ஆம் ஆண்டு வந்தவாசியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, சென்னையின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவரானார். அன்னி பெசன்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் பங்கேற்றார். காங்கிரசின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். பின்னர் காங்கிரசை விட்டு விலகிச் சென்னை ஆளுநரின் நிருவாகக் குழுவில் அமர்ந்தார். 1931இல் இளம் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மருக்குச் சட்ட ஆலோசகரானார், 1936இல் திவானானார்.

அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. அதுவரை கோட்டைக்குள் இருக்கும் பெருங்கோவிலின் வாயிலைத் தாண்ட உரிமையற்றிருந்த மக்கள் அன்றுமுதல் உள்ளே சென்று வழிபட்டனர். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. பள்ளிவாசல் நீர்மின் திட்டமும், ஆலுவா அருகே உரத் தொழிற்சாலையும் அவர் காலத்தவை. ஆயினும் அவரை மதிப்பிடுவோர் இவற்றைக் கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறுவதில்லை. 1947ஆம் ஆண்டு கோடையில் அவர் நடந்துகொண்ட முறையே இன்றும் விவாதிக்கப்படுகிறது.

ஆங்கிலேயர் இந்தியாவை விட்டு நீங்கும்போது சமஸ்தானங்களின் மீது அவர்கள் கொண்டிருந்த மேலாதிக்கம் முடிவுக்கு வரும் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அப்படியாயின், அதன்பின் ஒவ்வொரு மன்னரும் தம் விருப்பப்படி முடிவு செய்யலாம் என்று சி. பி. வாதிட்டார். 1947 ஜூன் 11ஆம் நாள், திருவிதாங்கூர் தனிச் சுதந்திர நாடாகும் என்று அறிவித்தார். காங்கிரஸ் இதனை ஏற்கவில்லை. அவரோ பாகிஸ்தானுக்கு ஒரு வணிகப் பிரதிநிதியையும் நியமித்தார்.

அவர் கையில் வலுவான காய்கள் இருந்தன. நாட்டுக்கு நீண்ட கடற்கரை உண்டு. தேயிலை, ரப்பர், தேங்காய், கயிறு ஆகியவற்றின் வருவாயும் உண்டு. சவறா, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் கிடைத்தது. அதிலுள்ள தோரியம் அணுவாற்றலுக்கு உதவும் என்பதால் வல்லரசுகளின் பார்வை இந்தச் சிறு நாட்டின் மீது விழுந்திருந்தது. சட்டம் அறிந்தவர் என்ற முறையில் அவர் வாதத்தில் பெரிய ஓட்டை இல்லை என்றே கூறவேண்டும்.

ஆனால் நாட்டில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களின் தட்டுக்கு வேண்டிய அரிசி முழுவதும் அங்கே விளையவில்லை. வெளியிலிருந்து வந்தால்தான் உலை பொங்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தனிநாடு வேண்டுமா என்று அந்த மக்களை அவர் கேட்கவில்லை. கேட்கக்கூடிய நிலையிலும் அவர் இல்லை. முந்தைய ஆண்டு அக்டோபரில் ஆலப்புழைப் பகுதியில் புன்னப்புரை, வயலார் ஆகிய ஊர்களில் எழுந்த தொழிலாளர் கிளர்ச்சியை அவர் படையைக் கொண்டு அடக்கினார். மாண்டோர் எத்தனை பேர் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது. மிகப் பலர் என்பதில் ஐயமில்லை. திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தலைவர்களையும் அவர் பலமுறை சிறைக்கு அனுப்பியிருந்தார். தனிநாட்டின் சார்பில் தில்லியில் பேசியவருக்குப் பின்னால் அரசர் இருந்தார், குடிகள் இல்லை.

ஜூலை மாதப் பிற்பகுதியில் அவர் தில்லி சென்று அரசப் பிரதிநிதி மவுண்ட்பேட்டனைச் சந்தித்தார். பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் இந்தியாவிடம் ஒப்படைத்தால் போதும் என்று அவருக்கு எடுத்துரைக்கப்பட்டது. முதலில் உறுதியாக மறுத்தவர், இறுதியில் இணைப்பு ஒப்பந்தத்தின் வரைவையும் அரசருக்கு எழுதப்பட்ட கடிதத்தையும் பெற்றுக்கொண்டு திரும்பினார். அவர் மனம் அப்போதே இளகத் தொடங்கியிருந்தது என்று கருத இடமுண்டு.

ஜூலை 25ஆம் நாள் இரவு. கோட்டையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சங்கீத அகாதெமியில் இசை நிகழ்ச்சியில் கலந்துகொண்டு வெளியே வந்த திவானை, கே. சி. எஸ். மணி என்னும் இளைஞர் அரிவாளால் வெட்டினார். முகத்திலும் கழுத்திலும் காயம்பட்டது, உயிர் தப்பியது. படுக்கையில் இருந்தபடியே, இந்தியாவுடன் இசைந்து போவதே நலம் என்று அவர் அரசருக்கு ஆலோசனை கூறினார். அம்மாத இறுதிக்குள் திருவிதாங்கூர் இணைப்புக்கு இசைந்தது. அதுவரை தயங்கி நின்ற வேறு சில மன்னர்களும் இதனைக் கண்டு மனம் மாறினர்.

வெட்டுக்கு அஞ்சியே பணிந்தார் என்பர் சிலர். தில்லியிலேயே உண்மை நிலையை உணர்ந்துவிட்டார் என்பர் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் வாதத்தில் வல்லவராக இருந்த அவர், எவருக்காக வாதிடுகிறோம் என்பதை ஜூன் மாதத்திலேயே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஏழு வாரங்களில் நாடு பட்ட கலக்கம் தவிர்க்கக்கூடியதே. அதேவேளையில், தம் கருத்து தோற்றபின் பிடிவாதம் பிடித்து நாட்டைப் போருக்கு இழுத்துச் செல்லவில்லை என்பதையும் அவர் கணக்கில் எழுதவேண்டும். ஐதராபாத்தில் நிகழ்ந்ததை அறிந்தவர்கள் இதனைச் சிறிதாக எண்ணமாட்டார்கள்.

1947 ஆகஸ்ட் 19ஆம் நாள் அவர் பதவியிலிருந்து விலகிச் சென்றார். பிற்காலத்தில் அண்ணாமலை, காசி இந்து ஆகிய பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராகப் பணியாற்றினார். 1960களின் தொடக்கத்தில், பிரிவினைக் கோரிக்கைகளை எவ்வாறு எதிர்கொள்வது என்று ஆராய இந்திய அரசு சார்பில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவராக அமர்த்தப்பட்டவர் சி. பி.யே. அக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1963இல் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் நிறைவேறியது. தேர்தலில் நிற்போர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்கும் வழக்கம் அதன்மூலம் வந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1966 செப்டம்பரில், அவர் இலண்டன் மாநகரில் காலமானார்.