‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகமும் நம் தோட்டத்துத் திடலும்



யான், குருண், பீடோங் பக்கம் சங்க வேலையாகப் போகும்போது, வயதான பால்வெட்டுக்காரர்களிடம் காற்பந்துப் பேச்சை எடுத்துப் பாருங்கள். முதலில் வருகிற பெயர் ஆர். ஆறுமுகம். சின்னப் பிள்ளைகளோ, யாருங்க அவரு என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

ஆறுமுகம் 1953-ல் போர்ட் கிள்ளானில் பிறந்தார். தோட்டத்துப் பிள்ளை இல்லை, துறைமுகத்துப் பிள்ளை. நீண்ட கைகள். கம்பத்தின் ஓரத்தில் பாய்கிற பந்தையும் எட்டிப் பிடித்துவிடுவார். அதனால்தான் ரசிகர்கள் ஸ்பைடர்மேன் என்று பெயர் வைத்தார்கள். சிலாங்கூர் மாநிலத்தின் கோல் காவலராக இருந்தார். நாட்டுக்காக 100-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் கோல் கம்பத்தைக் காத்தார். 1977-ல் கோலாலம்பூரிலும் 1979-ல் ஜகார்த்தாவிலும் தென்கிழக்காசியப் போட்டியில் தங்கம் வென்ற குழுவில் அவரும் ஒருவர்.

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவோடு ஆட்டம். வென்றால் மாஸ்கோ ஒலிம்பிக். கொரியர்கள் அடிக்க அடிக்க ஆறுமுகம் தடுத்துக்கொண்டே இருந்தார். சபாவிலிருந்து வந்த ஹசான் சானி பந்தைக் கொடுக்க, அதே சபாக்காரர் ஜேம்ஸ் வோங் வெற்றி கோலை அடித்தார். 2-க்கு 1. குழுத் தலைவர் சோ சின் ஆன். தற்காப்பில் சந்தோக் சிங். மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபாக்காரர் எல்லாரும் ஒரே சட்டையில். நம் அப்பாமார் லயத்து வாசலில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட ஆட்டம் அது.

ஆனால் மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து நம் நாடும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வியர்வை சிந்தி வாங்கிய இடம் வீணாய்ப் போனது. 1972 மியூனிக்கில் விளையாடியதோடு சரி, அதற்குப் பிறகு நம் காற்பந்துக் குழு ஒலிம்பிக் திடலை மிதிக்கவே இல்லை. 1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். வயது 35தான். 2016-ல் வந்த ‘ஓலா போலா’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழுவின் கதை நினைவிருக்கும்.

இனி நம் கதைக்கு வருவோம். நாம் படித்த தோட்டப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருந்தது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அண்ணன்மார் சாயங்காலம் அங்கேதான் பந்து உதைப்பார்கள். கோல் கம்பம் இரண்டு மூங்கில். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துக் குழு லாரியில் வரும். இன்று அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. யாரும் நம்மைக் கேட்கவில்லை.

1971-ல் தேசிய விளையாட்டு மன்றச் சட்டம் வந்தது. 2014-ல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பகாங், கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரில் அகாடமி இருக்கிறது. நல்ல காரியம், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அகாடமிக்குப் பிள்ளை எங்கிருந்து வருவான்? திடலே இல்லாத தோட்டத்திலிருந்து வருவானா? நாற்று விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிட்ட கதை இது. யான் வட்டார நெல் விவசாயிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காசு பத்தலே என்பார்கள். பதக்கத்துக்குச் செலவழிக்கிற வெள்ளியில் ஒரு பங்கைக் கீழே இறக்குங்கள் என்பதே நம் கோரிக்கை. நாம் அரங்கம் கேட்கவில்லை. சமப்படுத்திய ஒரு திடல், நல்ல கோல் கம்பம், பந்து, வாரம் இரண்டு நாள் வந்து சொல்லித்தர ஒரு பயிற்றுநர் போதும். நிலம் தோட்டத்துடையது என்று காரணம் காட்டிப் பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளை ஒதுக்கக் கூடாது. அந்த வெள்ளி நம் வரியும்தானே.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மாவட்ட இளைஞர் விளையாட்டு அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு வரும்போது மாலையோடு மனுவையும் கொடுங்கள்.

நீண்ட கை உள்ள பையன் நம் லயத்திலும் இருப்பான். அவன் பாய்ந்து விழ ஒரு திடல் வேண்டும்.