குறிப்பறிந்த தூதர் ஜி. பார்த்தசாரதி

தூது என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் 69-ஆவதாக வைத்த வள்ளுவர், குறிப்பறிதலை 71-ஆவதாக வைத்தார். வாய் திறவாதவன் உள்ளத்தை அவன் முகம் நோக்கி அறிவது அங்குப் பேசப்படும் திறம். முகமே காண்பதற்கு அரிதான ஊரில் தூதன் எதனை நோக்கிக் குறிப்பறிவான்? பொதுவுடைமைச் சீனத்தின் தலைநகராகிய பீகிங்கில் அந்நிலை இருந்தது. அங்கே அச்சேறிய சொல்லே முகம். அதனைப் படிக்கும் பொறுப்பு ஒரு தமிழரைச் சேர்ந்தது. அவரே ஜி. பார்த்தசாரதி.

காஷ்மீரத்தின் தலைமை அமைச்சராகவும், இந்திய அரசமைப்பு வரைவுக் குழுவின் உறுப்பினராகவும் விளங்கிய என். கோபாலசாமி ஐயங்காரின் மைந்தராக 1912-இல் பிறந்தவர் அவர். ஆக்ஸ்போர்டில் பயின்றார், சென்னை அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார், 1936 முதல் 1949 வரை இந்து நாளிதழின் உதவியாசிரியராகப் பணியாற்றினார். பின்னர் இந்தோசீனத்தில் பன்னாட்டு மேற்பார்வைக் குழுவின் தலைவராகவும், இந்தோனேசியத் தூதராகவும் இருந்து, 1958-இல் சீனத்திற்கான தூதரானார். சொல்லை எடைபோடும் பயிற்சி இதழியலில் அவருக்கு முன்னமே வாய்த்திருந்தது.

அந்நாளில் சீன இதழ்களைப் படிப்பது உலகத் தூதரகங்களுக்கெல்லாம் தலையாய பணி. பீகிங்கில் தூதரகம் இல்லாத அமெரிக்கா, ஹாங்காங்கிலிருந்த தன் துணைத் தூதரகத்தில் 1950 முதல் அவற்றை மொழிபெயர்த்துத் தொகுத்து வந்தது. மக்கள் நாளேட்டில் வருவது வெறுஞ்செய்தியா, விமரிசகர் பெயரிலான பத்தியா, தலையங்கமா, ஆசிரியர் குழுவின் நெடுங்கட்டுரையா என்பதைக் கொண்டே அதன் எடை அறியப்பட்டது. 1960 ஏப்ரலில் செங்கொடி இதழின் கட்டுரை வெளிப்படையாக யுகோஸ்லாவியாவைச் சாடியது. அதன் உட்பொருளோ மாஸ்கோவை நோக்கியது. உள்ளுறை பயின்ற தமிழுக்கு இம்முறை புதிதன்று.

இந்தியாவைப் பற்றிய குறிப்புகளும் இவ்வாறே தோன்றின. சிங்கியாங்கையும் திபேத்தையும் இணைக்கும் சாலை முடிவுற்றது என்பதைச் சீனச் செய்தித்தாளே 1957-இல் அறிவித்தது. அச்சாலை இந்தியா தனதெனக் கொண்ட அக்சாய்சின் வழியே சென்றது. 1958 ஜூலையில் சீனச் சித்திர இதழொன்று வெளியிட்ட வரைபடம் இந்திய நிலப்பரப்பைச் சீனத்துள் காட்டியது. 1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டு மே 6-இல் மக்கள் நாளேட்டின் ஆசிரியர் குழு நேருவின் தத்துவத்தை மறுத்து எழுதியது. மறுப்பிலும் அவரை மதிப்புக்குரிய நண்பராகவே குறித்தது. 1962 அக்டோபரில், போரின் நடுவே வந்த இரண்டாம் கட்டுரையில் அம்மதிப்பு மறைந்து பகை நின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், இரு நாடுகள் விலகிய தொலைவு விளங்கும்.

1961-இல் பார்த்தசாரதி சீனத்தை விட்டு நீங்கினார். பின்னர் பாகிஸ்தானிலும் ஐக்கிய நாடுகள் அவையிலும் இந்தியாவின் குரலாயிருந்தார். 1969-இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். தந்தையார் தலைமை அமைச்சராயிருந்த காஷ்மீரம் குறித்து, 1974-இல் ஷேக் அப்துல்லாவின் சார்பாளரான அஃப்சல் பெக்குடன் உடன்பாடு கண்டார்.

1983 ஜூலை வன்செயலுக்குப் பின், இந்திரா காந்தியின் தூதராக அவர் கொழும்பு சென்றார். ஜெயவர்த்தனாவுக்கும் அமிர்தலிங்கத்துக்கும் இடையே நின்று, மாகாண அளவிலான சபைகளுக்கு வழிகாணும் இணைப்பு சி என்னும் வரைவை உருவாக்கத் துணைநின்றார். 1984 ஜனவரியில் தொடங்கிய அனைத்துக் கட்சி மாநாடு அவ்வாண்டு டிசம்பரில் பயனின்றி முடிந்தது. அவ்வரைவு ஏட்டளவில் நின்றது. ஈழத்தில் குருதி தொடர்ந்தது.

பார்த்தசாரதி 1995-இல் மறைந்தார். தூதுக்கும் குறிப்பறிதலுக்கும் நடுவே வள்ளுவர் வைத்த அதிகாரம் மன்னரைச் சேர்ந்தொழுகல். குறிப்பை அறிவது தூதன் கடன். அறிந்ததைக் கொண்டு முடிவு செய்வது மன்னர் கையில் உள்ளது. சொல்லின் உட்பொருளைத் துருவிய அறிஞர் ஒருவர், ஈழத் தமிழர்க்காக எழுதிய சொல் செயலாகக் காணாமலே சென்றார் என்பது தமிழர் நெஞ்சில் நிற்க வேண்டிய துயரம்.