விரலுக்கு விழி தந்தவர்

மாந்தர் ஈட்டும் செல்வங்களுள் தலைசிறந்தது கல்விச் செல்வமே ஆகும். அச்செல்வத்தின் கருவூலம் ஏடு. ஏட்டைக் காண இயலாதவர் அதனை எங்ஙனம் எய்துவர்? பிறர் படித்துக் காட்டக் கேட்கலாம். ஆயினும், கேட்டது மறந்துபோயின் மீண்டும் புரட்டிப் பார்க்க அவர்க்கு ஏடு இல்லை. தாம் எண்ணியதை எழுதி வைக்கவும் வழி இல்லை. கல்விக் கோயிலின் வாயில்வரை வந்தும் உள்ளே புக இயலாத இந்நிலை, பார்வையற்றோர்க்கு நெடுங்காலம் இருந்து வந்தது. அவ்வாயிலைத் திறந்து வைத்தவர் முடிவேந்தர் அல்லர்; பெருஞ்செல்வரும் அல்லர். பார்வை இழந்த பதினைந்து வயதுச் சிறுவர் ஒருவரே அவ்வருஞ்செயலைச் செய்தார். அவர் பெயர் லூயி பிரெயில்.

பிறப்பும் இளமையும்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசு மாநகருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கூப்வ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1809ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். தந்தையார் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாள வாரும் தைக்கும் தொழிலாளர். மக்கள் நால்வருள் லூயியே இளையவர்.

மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபோது லூயி ஒருநாள் தந்தையாரின் தொழிற்கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தார். தந்தையார் செய்வதுபோலத் தாமும் தோலைத் துளைக்க விரும்பிக் கூரிய கருவி ஒன்றைக் கையில் எடுத்தார். அது குத்தூசி என்பர் பலர். கருவி நழுவி ஒரு கண்ணில் பாய்ந்தது. அக்காலத்து மருத்துவத்தால் அப்புண்ணை ஆற்ற இயலவில்லை. நோய் மற்றைக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயது நிரம்புமுன் இரு கண்களும் ஒளி இழந்தன.

பெற்றோர் மனம் தளர்ந்தாரல்லர். வீட்டின் ஒரு மூலையில் மகனை முடக்கி வைக்கவும் அவர்கள் எண்ணவில்லை. தந்தையார் செய்து தந்த கோலை ஊன்றி, ஊர்த் தெருக்களில் லூயி தனித்து நடக்கப் பழகினார். ஊர்ப் பாதிரியார் அவருக்கு அறிவு புகட்டினார். பள்ளி ஆசிரியர், பிற மாணவரோடு ஒருங்கிருந்து பாடம் கேட்க அவருக்கு இடம் அளித்தார். கேட்டவற்றை எல்லாம் நினைவில் நிறுத்தி, வகுப்பில் முதல்வராக விளங்கினார் லூயி. ஆயினும் பிற மாணவர் நூலைத் திறந்தபோது, அவர் வாளா அமர்ந்திருக்க நேர்ந்தது.

பாரிசுப் பள்ளி

பாரிசு நகரில் பார்வையற்ற சிறார்க்கெனப் பள்ளி ஒன்று இருந்தது. வாலந்தேன் அயூயி என்னும் அருளாளர் 1785ஆம் ஆண்டில் நிறுவிய பள்ளி அது. பார்வையற்றோரும் கல்வி கற்கக் கூடும் என்பதை உலகுக்கு மெய்ப்பித்த பெருமை அவரைச் சாரும். 1819ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பத்து வயதுச் சிறுவராகிய லூயி அப்பள்ளியில் சேர்ந்தார். கட்டடம் பழமையானது, ஈரம் ஊறியது, காற்றோட்டம் இல்லாதது. அங்கு வாழ்ந்தோர் உடல்நலம் குன்றியதில் வியப்பில்லை.

அயூயி வகுத்த முறை எளியது. பெரிய அச்செழுத்துக்களின்மேல் ஈரத்தாளை அழுத்தினால், எழுத்துக்கள் தாளில் புடைத்து நிற்கும். அப்புடைப்பை விரலால் தடவிப் படிக்க வேண்டும். எண்ணம் உயர்ந்ததே, எனினும் குறைகள் பல இருந்தன. எழுத்துக்கள் பெரியனவாதலின் நூல்கள் சுமக்க இயலாப் பொதிகளாய் அமைந்தன. எண்ணிக்கையிலும் அவை சிலவே. ஓர் எழுத்தை அறிய விரல் அதன் வளைவுகளையெல்லாம் சுற்றிவர வேண்டும். சொல்லின் முடிவை அடையுமுன் அதன் தொடக்கம் மறந்துபோகும். எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. இம்முறையில் மாணவர் படிக்கலாமேயன்றித் தாமே எளிதில் எழுத இயலாது.

இக்குறைகளுக்கெல்லாம் அடிப்படை யாது? பார்வையுடையோர், தம் கண்ணுக்கு இனிய எழுத்தே பிறர் விரலுக்கும் இனியது என்று கருதிவிட்டனர். கண் முழு வடிவையும் ஒரே நோக்கில் கொள்ளும். விரலோ கோட்டையும் வளைவையும் விடப் புள்ளியை எளிதில் உணரும். இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்தவர் பார்வையற்றோரே.

புள்ளிகளின் பிறப்பு

1821ஆம் ஆண்டில் சார்லு பார்பியே என்னும் முன்னாள் படைத்தலைவர் தாம் அமைத்த புதிய எழுத்து முறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். புடைத்த புள்ளிகளால் ஆன முறை அது. மாணவர் அதனை ஆர்வத்தோடு பயின்றனர். முதன்முறையாக, இருளில் இருந்தோர் கையால் எழுதவும் தொடங்கினர். ஆயினும் அம்முறையில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள்வரை வேண்டியிருந்தன. விரல் நுனி அத்தனையையும் ஒருங்கே உணர மாட்டாது. மேலும் அது ஒலிகளை மட்டும் குறித்ததால், சொற்களைப் பிழையின்றி எழுதிப் பழக வழியில்லை. நிறுத்தக் குறிகளும் எண்களும் இசைக்குறிகளும் அதில் இல்லை.

பன்னிரண்டு வயதுச் சிறுவராகிய லூயி இக்குறைகளை உணர்ந்தார்; அவற்றைக் களைய உறுதி பூண்டார். பகலில் பாடம்; இரவில் ஆராய்ச்சி. விடுமுறை நாள்களில் கூப்வ்ரேயில் இருந்தபோதும் தாளும் ஊசியும் அவர் கையை விட்டு அகலவில்லை. இவ்வாறு மூன்றாண்டுகள் முயன்று, 1824ஆம் ஆண்டளவில், தம் பதினைந்தாம் வயதில் புதிய முறையைக் கண்டார்.

அம்முறையின் அமைப்பு வியக்கத்தக்கது. பக்கத்திற்கு மூன்றாக இரு வரிசைகளில் ஆறே புள்ளிகள். இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கத்தில் நான்கு, ஐந்து, ஆறு. இவற்றுள் சில புடைத்தும் சில புடையாமலும் நிற்க, 63 குறிகள் தோன்றும். முதல் பத்து எழுத்துக்கள் மேலுள்ள நான்கு புள்ளிகளால் மட்டுமே ஆனவை. அவற்றோடு மூன்றாம் புள்ளியைச் சேர்த்தால் அடுத்த பத்து எழுத்துக்கள் பிறக்கும். முதல் பத்தை நன்கு கற்றவர்க்கு ஏனையவற்றைக் கற்பது எளிது. ஒவ்வோர் எழுத்தும் விரல் நுனிக்குள் அடங்கும். ஒரு தொடுகையிலேயே விளங்கும்.

எழுதும் வகையும் எளிதே. கட்டங்கள் வெட்டிய சட்டத்தைத் தாளின்மேல் வைத்து, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திச் செல்ல வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து நிற்கும். இடமிருந்து வலமாகப் படிக்கலாம். கூரிய கருவி ஒன்றால் பார்வை இழந்தவர், கூரிய கருவியைக் கொண்டே பார்வையற்றோர்க்கு எழுத்தறிவு வழங்கினார்!

எதிர்ப்பும் வெற்றியும்

லூயி தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். 1829ஆம் ஆண்டில் தம் முறையை விளக்கி நூல் ஒன்று வெளியிட்டார். சொற்களோடு இசையையும் புள்ளிகளால் எழுதும் வகை அதில் கூறப்பட்டிருந்தது. தமக்கு வழிகாட்டிய பார்பியேக்கு அந்நூலில் நன்றி கூறவும் அவர் தவறவில்லை. 1837ஆம் ஆண்டில் அம்முறை திருத்தமுற்று மீண்டும் வெளிவந்தது.

நல்லதோர் முறையை எல்லாரும் உடனே ஏற்றனரா? இல்லை. 1840ஆம் ஆண்டில் பள்ளித் தலைவர் மாறினார். புதிய தலைவராகிய துஃபோ புள்ளியெழுத்தை விரும்பவில்லை. பார்வையுடையோர் எழுத்திலிருந்து வேறுபட்ட எழுத்து, பார்வையற்றோரைத் தனிமைப்படுத்தும் என்பது அக்காலத்துக் கண்ணுடைய ஆசிரியர் பலரின் கருத்து. புள்ளியெழுத்து விலக்கப்பட்டது, நூல்கள் சில எரிக்கப்பட்டன என்றும் கூறுவர். ஆனால் ஒருமுறை எழுதிச் சுவை கண்ட விரல்கள் ஓயுமோ? மாணவர் மறைவாகப் புள்ளியெழுத்தில் குறிப்பு எழுதினர், ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். ஆணையினும் தேவை வலிது என்பதை அவர்கள் செயல் காட்டிற்று.

துணைத் தலைவராகிய குவாதே இதனைக் கூர்ந்து நோக்கி, மாணவர் பக்கம் நின்றார்; தலைவரின் மனத்தையும் மாற்றினார். 1844ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழா நடைபெற்றது. பார்வையற்ற மாணவர் தாம் கேட்ட பகுதியைப் புள்ளிகளால் எழுத, எழுதியதைப் பிறிதொரு மாணவர் விரலால் படித்துக் காட்ட, அவையோர் வியந்தனர். புள்ளியெழுத்துக்கு இருந்த தடை நீங்கியது.

பண்பும் மறைவும்

லூயி பிரெயில் இசையிலும் வல்லவர். பாரிசுத் தேவாலயங்களில் ஆர்கன் இசைப்பவராய் விளங்கினார். கண்ணுடையோர்க்கும் கண்ணற்றோர்க்கும் இடையே பாலம் அமைக்கவும் அவர் விரும்பினார். பார்வையற்றோர், பார்வையுடைய தம் பெற்றோர்க்குக் கடிதம் எழுதுதற்கென, வழக்கிலுள்ள எழுத்துக்களையே புள்ளிகளால் வரையும் முறை ஒன்றை 1839ஆம் ஆண்டில் வெளியிட்டார். கையில் இருந்ததை வறிய மாணவர்க்கு ஈந்தார். அவர் மறைவுக்குப்பின் அவர் பெட்டியில் கிடைத்தவை, தம்மிடம் பிறர் பட்ட கடனுக்கான சீட்டுக்களே என்றும், அவற்றை எரித்துவிட வேண்டும் என்று அவர் முன்னரே கூறியிருந்தார் என்றும் சொல்வர்.

காசநோய் அவர் உடலைப் பல்லாண்டுகள் வாட்டியது. 1852ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், நாற்பத்து மூன்று வயது நிரம்பிய இரண்டாம் நாள், அவர் உயிர் நீத்தார். பிறந்த ஊரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, 1854ஆம் ஆண்டில், பிரான்சு நாடு அவர் முறையை முறைப்படி ஏற்றது. தம் எழுத்து அரியணை ஏறியதைக் காண அவர் இல்லை. நூறாண்டுக்குப்பின், 1952ஆம் ஆண்டில், நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்திற்கு அவர் உடல் கொண்டுசெல்லப்பட்டது. அவருடைய கைகள் மட்டும் கூப்வ்ரேயிலேயே நிறுத்தப்பட்டன. உலகிற்கு எழுத்தளித்த கைகளைப் பெற்ற ஊர் பிரிய விரும்பவில்லை போலும்!

இந்நாளில் பிரெயில்

பிரெயில் எழுத்து நாடு கடந்தது; மொழி கடந்தது. இந்திய மொழிகளுக்கு வெவ்வேறு புள்ளிமுறைகள் வழங்கிவந்த குழப்பம் நீங்க, 1951ஆம் ஆண்டில் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை அமைந்தது. தமிழின் அகரமும் ஆங்கிலத்தின் முதல் எழுத்தும் அதில் ஒரே புள்ளியால் குறிக்கப்படுகின்றன.

இன்று ஏட்டின் இடத்தைக் கணிப்பொறியும் இணையமும் பெற்று வருகின்றன. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கிப் படிக்கும் திரைபடிப்பான்கள் உள்ளன. நுண்ணிய முனைகள் எழுந்தும் தாழ்ந்தும் பிரெயில் எழுத்துக்களைக் காட்டும் கருவிகளும் உள்ளன. ஆயினும் படத்திற்கு விளக்கம் எழுதாத இணையதளத்தைத் திரைபடிப்பான் என்னென்று படிக்கும்? சுட்டியால் மட்டுமே இயங்கும் பொத்தானைச் சுட்டுமுனையைக் காண இயலாதவர் எவ்வாறு அழுத்துவர்? பேச்சிற்கு எழுத்துரை இல்லாத காட்சியைச் செவிப்புலன் அற்றோர் எவ்வாறு அறிவர்? தம் புலனுக்கு இயன்றதே எல்லார்க்கும் இயலும் என்று கருதும் பழைய பிழையே இங்கும் தலைகாட்டுகின்றது. இப்பிழையை நீக்க 1999ஆம் ஆண்டில் இணையதளங்களுக்கென உலகளாவிய நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. இந்திய நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்கள் அவர்கட்கும் பயன்படுமாறு அமைதல் வேண்டும் என்கின்றது. அவர் பிறந்த நாளாகிய சனவரி 4, 2019ஆம் ஆண்டு முதல் உலகப் பிரெயில் நாளாக ஐக்கிய நாடுகள் அவையால் போற்றப்படுகின்றது.

இரக்கம் காட்டுவது எளிது. இடம் கொடுப்பதே அரிது. பார்வையற்றோர் வேண்டியது பிறர் இரக்கத்தை அன்று. படிக்கவும் எழுதவும் பொருந்திய வழியையே ஆகும். அவ்வழியை அவர்களுள் ஒருவரே கண்டார். கண்ணுடைய உலகம் அதை ஏற்கக் காலம் தாழ்த்தியது. இனி எழுத்தையும் கருவியையும் ஆக்குவோர், அவற்றைப் பயன்கொள்வோரை முதலில் கேட்டுப் பின்னரே ஆக்குதல் வேண்டும். ஆறு புள்ளிகளால் அறிவுலகின் வாயிலைத் திறந்த லூயி பிரெயிலின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.