தேகப்பயிற்சி ஆசான் ஹாரி குரோ பக்

கல்வராயன் மலையை அடுத்த சின்னசேலம் போன்ற ஊர்களிலும் பள்ளிக்கொரு தேகப்பயிற்சி ஆசிரியர் வேண்டுமென்பது இன்று யாவர்க்கும் இயல்பான எண்ணமாகிவிட்டது. நூறாண்டுகளுக்கு முன் நிலை அவ்வாறில்லை. அவ்வெண்ணத்தை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவருள் தலையாயவர் ஹாரி குரோ பக் என்னும் பெரியார் ஆவர்.

அன்னார் 1884-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாகாணத்திற் பிறந்தார். ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியிற் கற்றுத் தேர்ந்தார். கூடைப்பந்தாட்டம் தோன்றிய இடமும் அதுவே. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணாக்கர்பொருட்டு, பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அமைத்து, 13 விதிகளை வகுத்தார். பந்தை ஏந்திக்கொண்டு ஓடலாகாது, எதிர்க்கட்சியாரைத் தள்ளலாகாது என்பன அவற்றுள் தலையாயவை. உடல்வலியோடு அடக்கத்தையும் வேண்டும் அம்மரபிலே பயின்றவர் பக்.

1919-இல் அவர் சென்னைக்கு வந்தார். அந்நாளிற் பள்ளிகளில் தேகப்பயிற்சியென்பது பெரும்பாலும் பட்டாளத்தினின்று விலகியோர் நடத்தும் டிரில்லாகவே இருந்தது. கற்றோர் அத்தொழிலை மதித்திலர். ஆசிரியரை உயர்த்தினாலன்றி விளையாட்டு உயராதெனக் கண்ட பக், 1920-இல் ஒரு சில மாணாக்கரைக் கொண்டு ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையை அடுத்து விரிந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாயிற்று. மேனாட்டு ஆட்டங்களோடு இந்நாட்டுப் பயிற்சிகளுக்கும் அங்கே இடமளித்தார்.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்திய வீரர்க்கு அவர் பயிற்சியாளராக விளங்கினார். ஆயினும் அதனினும் பெரிது அவர் தொகுத்த விளையாட்டு விதிநூல் எனலாம். ஊருக்கொரு விதி இருக்குமாயின் வல்லவன் சொல்லே தீர்ப்பாகும். அச்சிட்ட விதி கையில் இருப்பின் எளியவனும் நியாயம் கேட்கலாம்.

அவ்விதியின் வாய்மொழியே நடுவரின் சைகை. விரித்த கை உயர்ந்தால் விதிமீறல். மூடிய முட்டி உயர்ந்தால் ஆளைத் தாக்கிய குற்றம். இரு முட்டிகளையும் ஒன்றையொன்று சுற்றி உருட்டினால், பந்தோடு முறைதவறி நடந்தான் என்பது பொருள். உள்ளங்கைகளை மாறிமாறிக் கீழ்நோக்கித் தட்டிக் காட்டினால், பந்தைத் தட்டுவதிற் பிழை செய்தான் என்பதாம். தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் ஒருங்கே ஆடினும் இம்மொழிக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. ஆரவாரத்தினூடே குரல் கேளாவிடினும் கை தெரியும். ஆதலால் தீர்ப்பு இன்னதென ஆடுவோரும் காண்போரும் ஒருசேர அறிவர்.

தம் கல்லூரியின் முதல்வராகவே தொண்டாற்றி, 1943-இல் பக் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவரிடம் கற்றோர் பலர் நாடெங்கும் ஆசிரியராயினர். அவர்தம் மாணாக்கர் வழியே அப்பயிற்சி சிற்றூர்களுக்கும் பரவிற்று. நண்பர்களே, வெற்றி வாய்ப்பைக் கெடுக்குமாறு நடுவர் கை உயருங்கால் மனம் கொதிப்பது இயற்கை. அப்பொழுது வாதாடாது பந்தைக் கீழே வைப்பவனே விளையாட்டைக் கற்றவன். பக் இந்நாட்டிற் பயிரிட்ட கல்வி அதுவே.