கோபம் வந்தால் உயிர் போகும் எனத் தெரிந்தே வாழ்ந்த டாக்டர்... ஜான் ஹன்டரின் இதயமும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும்!

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கும் ஆமத்தூர் பக்கம், தூரத்தில் டமார் என்று ஒரு சத்தம் கேட்டால் போதும். நெஞ்சு திக்கென்று ஆகிவிடும். எந்தப் பட்டாசு ஆலையோ, யார் வீட்டு ஆளு வேலைக்குப் போயிருக்கோ என்ற பதற்றத்தில் போனை எடுக்கும் கை நடுங்கும். இதயம் படபடன்னு அடிக்கும். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கு இது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஏற்கெனவே இதயத் தமனியில் அடைப்பு இருப்பவருக்கோ அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆபத்தே.

இந்த ஆபத்தைத் தன் உடம்பிலேயே 20 ஆண்டுகள் சுமந்து, கடைசியில் அதற்கே பலியானவர், 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் புகழ்பெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர் ஜான் ஹன்டர். அவருக்கு அன்று கிடைக்காத மாத்திரை, இன்று மருந்துக்கடைகளில் டாக்டர் சீட்டுக்குச் சாதாரணமாகக் கிடைக்கிறது. யார் இந்த ஹன்டர்? அந்த மாத்திரை இதயத்தில் என்ன செய்கிறது? பார்க்கலாம்.

யார் இந்த ஜான் ஹன்டர்?

ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயர் பகுதியில், 1728இல் ஒரு விவசாயக் குடும்பத்தின் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் ஹன்டர். பள்ளிப் படிப்பில் ஆர்வமே இல்லை. 20 வயதில் லண்டனுக்குக் கிளம்பினார். அங்கே அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூறியல் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தார். மனித உடலை அறுத்துப் பார்த்துப் பாடம் கற்ற அந்த இடத்தில்தான் அவரது திறமை வெளியே வந்தது.

1761இல் ராணுவ மருத்துவராகப் போர்க்களத்துக்குப் போனார். குண்டு பாய்ந்த காயத்தைக் கத்தியால் கீறிப் பெரிதாக்குவதுதான் அன்றைய வழக்கம். அப்படிக் கை வைக்காமல் விடப்பட்ட சில வீரர்கள் நன்றாகத் தேறியதைக் கவனித்த ஹன்டர், தேவையில்லாமல் காயத்தைக் கிளறக் கூடாது என்று வாதிட்டார். வெடிமருந்துக் காயங்கள் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1794இல் வெளியானது.

1768இல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மருத்துவர் ஆனார். பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசியைத் தந்த எட்வர்ட் ஜென்னர் இவரிடம் படித்த மாணவர். அரசர் மூன்றாம் ஜார்ஜின் மருத்துவர்களில் ஒருவராகவும் ஹன்டர் இருந்தார். பேரும் புகழும் வந்தது. கூடவே முன்கோபமும் பெரிதாக வளர்ந்தது.

கண்ணாடியில் தெரிந்த முகம்

1773இல், 45ஆவது வயதில் முதல் அடி விழுந்தது. திடீரென வயிற்றின் மேல்பக்கம் தாங்க முடியாத வலி. கண்ணாடியில் பார்த்தால் முகம் செத்தவர் முகம் மாதிரி வெளிறியிருந்தது. மணிக்கட்டில் கை வைத்தால் நாடி தட்டுப்படவில்லை. அன்று பிழைத்துக்கொண்டார்.

1785 முதல் வலி அடிக்கடி வரத் தொடங்கியது. வேகமாக நடந்தால் வரும். மாடிப்படி ஏறினால் வரும். அதைவிட முக்கியமாக, கோபம் வந்தால் வரும், பதற்றம் வந்தால் வரும். வளர்த்த தேனீக்கள் கூட்டுக்குள் ஒழுங்காகப் போய்ச் சேருமா என்ற சின்னக் கவலைகூட வலியைக் கிளப்பியது. தன்னைச் சீண்டிப் பார்க்க நினைக்கும் எந்தப் போக்கிரியின் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று அவரே நண்பர்களிடம் சொல்லி வந்தார்.

மாணவர் ஜென்னருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இதே மாதிரி நெஞ்சுவலியால் இறந்தவரின் உடலை அறுத்தபோது, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் கெட்டித்துப் போயிருந்ததை அவர் பார்த்திருந்தார். குருநாதருக்கும் இதேதான் என்று அவருக்குப் புரிந்தது. குணப்படுத்த வழி இல்லாத நோயைச் சொல்லி அவரை வேதனைப்படுத்த வேண்டாம் என்று, இந்த எண்ணத்தை வெளியே பேசாமலே இருந்துவிட்டார்.

1793 அக்டோபர் 16

அன்று செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் நிர்வாகக் கூட்டம். முன் தகுதி இல்லாத மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதியால் பாதிக்கப்பட்ட இரண்டு இளைஞர்களுக்காகப் பேசப் போனார் ஹன்டர். தகராறு வந்தால் தனக்கு ஆபத்து என்று தெரிந்தேதான் போனார். பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மறுத்துப் பேச, கோபத்தை அடக்கியபடி பக்கத்து அறைக்குப் போனவர், அங்கேயே சாய்ந்து இறந்துபோனார். வயது 65. உடலை அறுத்துப் பார்த்தபோது, ஜென்னர் சந்தேகப்பட்டபடியே இதயத் தமனிகள் எலும்பு போல இறுகிக் கிடந்தன.

கோபத்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

பயமோ கோபமோ வந்தால், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. இதயத்துக்கு வரும் நரம்புகளும் இதே போன்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. இதயத் தசையில் இருக்கும் பீட்டா ஏற்பிகள் என்ற பூட்டுகளில் இவை சாவி போலப் பொருந்தும். உடனே துடிப்பு எகிறும், ஒவ்வொரு துடிப்பும் பலமாகும், பிரஷர் ஏறும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்யும் தயாரிப்பு இது.

சிக்கல் எங்கே? கூடுதல் வேலை பார்க்கும் இதயத் தசைக்கு ஆக்சிஜனும் கூடுதலாக வேண்டும். அது தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் வாங்குகிறது. துடிப்பு வேகமானால் அந்த நேரம் சுருங்கும். குழாயும் குறுகலாக இருந்தால்? தேவை ஏறும், வரத்து ஏறாது. அதுதான் ஹன்டரின் வலி. சில நேரம் இதயத்தின் தாளமே தப்பி, துடிப்பு நின்றும் போகலாம்.

விடை தந்த இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர்

ஹன்டர் இறந்து 155 ஆண்டுகள் கழித்து, 1948இல் அமெரிக்க விஞ்ஞானி ரேமண்ட் ஆல்க்விஸ்ட், இந்த ஏற்பிகளில் ஆல்பா, பீட்டா என இரண்டு வகை இருப்பதாகச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டவர் ஜேம்ஸ் பிளாக். ஹன்டர் பிறந்த அதே லனார்க்‌ஷயரில் 1924இல் பிறந்தவர். அவரது தந்தை, ஒரு கார் விபத்தை அடுத்து மாரடைப்பில் இறந்தார்.

அதுவரை எல்லோரும் இதயத்துக்கு ரத்த வரத்தை எப்படிக் கூட்டுவது என்று யோசித்தார்கள். இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று யோசித்தார் பிளாக். சாவி நுழையும் முன்பே பூட்டை அடைத்துவிடும் மருந்து! முதல் மருந்து எலிகளில் கட்டியை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து, 1964இல் அறிமுகமானதுதான் புரொப்ரனலால். 1988இல் பிளாக் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாத்திரை போட்டால் அதிர்ச்சியே வராதா?

வரும். பயம் வரும், வியர்க்கும், அட்ரினலினும் சுரக்கும். ஆனால் இதயம் அதற்கு முழுசா ஆடாது. துடிப்பு ஏறினாலும் அளவோடு ஏறும், தசை கேட்கும் ஆக்சிஜனும் குறையும். அதே நேரம், அடைப்பை இந்த மாத்திரை கரைக்காது. ஹன்டரின் இறுகிய தமனிகளை இது திறந்திருக்காது. அவரது கோபத்துக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு தடுப்பாக நின்றிருக்கும், அவ்வளவுதான்.

மெட்டோபுரோலால், அட்டினலால், பிசோபுரோலால் எனப் பெயர் முடிவில் லால் என்று வருபவை பெரும்பாலும் இந்த வகைதான். இவற்றைச் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

* டாக்டரைக் கேட்காமல் சட்டென நிறுத்தக் கூடாது. அடைபட்டிருந்த ஏற்பிகள் ஒரேயடியாகத் திறந்துகொள்ள, நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

* ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில வகை மாத்திரைகள் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

* சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, சர்க்கரை திடீரெனக் குறையும்போது வரும் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வையைக் கவனிக்க வேண்டும்.

* பரீட்சை பயம், மேடை பயம் என்று பக்கத்து வீட்டார் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது.

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த பகுதியில் இன்னொன்றும் முக்கியம். விபத்தில் ரத்தம் அதிகம் போனால் நாடித்துடிப்பு வேகமாகும். அதை வைத்துதான் நிலைமை மோசம் என்று கண்டுபிடிப்பார்கள். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் துடிப்பு சாதாரணமாகவே காட்டலாம். அதனால் 108 ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே, அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். வேலைக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டைப் பையில் வைத்துக்கொள்வதும், வீட்டில் ஒருவருக்காவது அந்தப் பெயர் தெரிந்திருப்பதும் நல்லது.